பீட்ரூட் பொடியில் உண்மையில் வேலை செய்வது எது?

சத்துப் பொடி விற்கும் கடைகளில் இப்போது பீட்ரூட்டுக்கென்றே ஒரு தனி அடுக்கு இருக்கிறது. பொடி, கேப்சூல், மால்ட், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை என்று விதவிதமாக வைத்திருக்கிறார்கள். டப்பாவைத் திருப்பினால் முதலில் கண்ணில் படுவது 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்ற வரி. அதற்குக் கீழே இரத்தம் ஊறும், களைப்பு போகும், முகம் பளபளக்கும், இதயத்துக்கு நல்லது என்று பட்டியல் நீள்கிறது. சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுவதால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பீட்ரூட் பொடி வாங்கலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தக் காயைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்திருக்கும் ஆய்வுகளைப் படித்தால், டப்பாவில் எழுதியிருப்பதைவிட அது எவ்வளவோ சுவாரசியமான காய் என்பது தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்தச் சிவப்பு என்ன?

பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். அடர்ந்த சிவப்பும் கொஞ்சம் வெளிறிய சிவப்பும் மாறி மாறி வளையங்களாக இருக்கும். கத்தி, பலகை, விரல் என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த நிறத்துக்குக் காரணம் பீட்டானின் என்ற பொருள். பீட்டாலைன்கள் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐஸ்கிரீமிலும் ஸ்ட்ராபெர்ரி தயிரிலும் சேர்க்கப்படும் 'ஈ162' என்ற இயற்கை நிறமும் இதுதான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். அரை பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, தண்ணீர் சேர்த்து மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நிறம் பளிச்சென்று அப்படியே நிற்கும். இரண்டாவதில் உள்ளதை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள். நேரம் ஆக ஆகச் சிவப்பு மங்கி, பழுப்பு தட்டும். மூன்றாவதில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். (சுண்ணாம்பு நீரைப் பெரியவர்கள் கையாளட்டும், கண்ணில் படக்கூடாது.) சிவப்பு கலைந்து மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு வரும். இங்கே சிவப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து மஞ்சள் வருகிறது.

இந்த மூன்று டம்ளரில் ஒரு சமையல் பாடமும் இருக்கிறது. பீட்டானினுக்குப் புளிப்பு பிடிக்கும். நீண்ட நேரச் சூடும் சுண்ணாம்பு போன்ற காரப் பொருளும் பிடிக்காது. வெளிச்சமும் காற்றும்கூட அதை மெல்ல அழிக்கும். இதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. நாவற்பழம், கத்தரிக்காய்த் தோல், கறுப்புக் கவுனி அரிசி ஆகியவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்ற வேறொரு குடும்பம். தாவர உலகத்தின் பெரும்பகுதிக்குச் சிவப்பையும் ஊதாவையும் கொடுப்பது அதுதான். பீட்டாலைன் அமைவது ஒரு குறிப்பிட்ட தாவரக் கூட்டத்துக்கு மட்டும். இயற்கையில் ஒரே செடியில் இந்த இரண்டு நிறமிகளும் சேர்ந்து இருந்ததாக இதுவரை கண்டதில்லை. அந்தச் சின்னக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? சிவப்புத் தண்டுக்கீரை, கொடிப்பசலையின் கருஊதாப் பழம், வாசலில் படரும் காகிதப்பூ, ரோட்டோரச் சப்பாத்திக்கள்ளியின் பழம். டிராகன் பழத்தின் சிவப்பும் இதுவே. கிராமத்தில் வளர்ந்தவர்கள் முள்ளைப் பார்த்து நீக்கிவிட்டு, வாயெல்லாம் சிவக்கச் சாப்பிட்ட கள்ளிப்பழத்தில் இருந்ததும் பீட்ரூட்டின் அதே பீட்டானின்தான்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பேச்சு எங்கே நிற்கிறது?

நம் செல்கள் ஆக்ஸிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் என்ற நிலையற்ற மூலக்கூறுகளும் உண்டாகின்றன. இவற்றில் ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். அதனால் பக்கத்தில் இருக்கும் கொழுப்பிலிருந்தோ புரதத்திலிருந்தோ டி.என்.ஏ.விலிருந்தோ ஒன்றைப் பறித்துக்கொள்ளப் பார்க்கும். அந்த எலக்ட்ரானைத் தான் கொடுத்து, சேதத்தைத் தடுக்கும் பொருள் ஆன்டிஆக்ஸிடன்ட். முதுமைக்குக் காரணமே இந்தச் சேதம்தான் என்ற கருத்தை அமெரிக்க விஞ்ஞானி டென்ஹம் ஹார்மன் 1956-ல் முன்வைத்தார். பிறகு வந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைச் சந்தை முழுவதும் அந்தக் கருத்தின் மேல் எழுந்ததுதான்.

பீட்டானின் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். இதில் சந்தேகம் வேண்டாம். இஸ்ரேலில் ஜோசப் கன்னரும் அவருடைய குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த அளவு பீட்டாலைனே கொழுப்பு ஆக்ஸிகரணம் அடைவதைத் தடுத்தது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் நடந்தது. நம் வயிற்றையும் குடலையும் கடந்து எவ்வளவு பீட்டானின் இரத்தத்துக்கு வருகிறது என்று பார்த்த ஆய்வுகளில், குடித்ததில் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மாறாமல் சிறுநீரில் வந்தது. பெரும்பகுதி வயிற்றிலும் குடலிலுமே சிதைந்துவிடுகிறது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்துபோய் டாக்டரிடம் ஓடியவர்கள் உண்டு. நூறு பேரில் பத்துப் பதினான்கு பேருக்கு இப்படி ஆகும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அடர்ந்த நிறம் என்பதால் கொஞ்சம் வந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சோதனைக் குழாயில் கிடைக்கும் எண்ணை அப்படியே மனித உடம்புக்குப் பொருத்த முடியாது என்பதை அமெரிக்க விவசாயத் துறையே ஒப்புக்கொண்டது. உணவுப் பொருட்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்ணாகக் காட்டிய 'ஓராக்' பட்டியலை அது தன் இணையதளத்தில் வைத்திருந்தது. 2012-ல் அதை நீக்கிவிட்டது. அந்த எண்களுக்கும் மனித ஆரோக்கியத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அது சொன்ன காரணம். இன்றும் சில டப்பாக்களில் அந்த எண் இருக்கிறது. பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இதில் இன்னொரு கிழங்கின் கதையை அவசியம் சொல்ல வேண்டும். கேரட்டின் நிறமி பீட்டா கரோட்டின், அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட். கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் சோதித்தார்கள். புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். 1994-ல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைப்பிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அங்கும் இதே போக்குத் தெரிந்ததால் 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் கேரட்டை ஒதுக்க வேண்டாம். காயாகச் சாப்பிட்டபோது நல்லது செய்த ஒன்று, தனியாகப் பிரித்து அதிக அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கெடுதல் செய்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லது என்று நம்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

நிறத்தை வைத்துக்கொண்டு நைட்ரேட்டை எடுத்தார்கள்

இப்போது பீட்ரூட்டின் உண்மையான பலத்துக்கு வருகிறேன்.

2008-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் அம்ரிதா அலுவாலியாவின் குழு, ஆரோக்கியமான ஆட்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்த்தது. சுமார் மூன்று மணி நேரத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 10 புள்ளிகள் அளவுக்கு இறங்கியது. மறு ஆண்டு எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸின் குழு, 8 ஆண்களுக்கு 6 நாட்கள் தினமும் அரை லிட்டர் சாறு கொடுத்து சைக்கிள் மிதிக்க வைத்தது. ஒரே வேலைக்கு முன்பைவிடக் குறைவான ஆக்ஸிஜனே செலவானது. கடினமான மிதியில் 583 வினாடிகளில் சோர்ந்தவர்கள், சாறு குடித்தபின் 675 வினாடிகள் தாக்குப்பிடித்தார்கள்.

இதைச் செய்தது எது? பீட்டானினா, வேறு ஏதாவதா? 2009 ஆய்வில் ஒப்பிடுவதற்குக் கொடுத்தது பிளாக்கரன்ட் சுவையுள்ள ஒரு பானம். அதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பிறகு ஓர் அருமையான வழி கண்டுபிடித்தார்கள். பீட்ரூட் சாற்றை ஒரு வகை ரெசின் வழியாகச் செலுத்தி, அதில் இயல்பாகவே இருக்கும் நைட்ரேட் என்ற பொருளை மட்டும் நீக்கினார்கள். நிறம், மணம், சுவை அப்படியே இருக்கும்; குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 2011-ல் ஜோன்ஸின் குழு இந்த இரண்டு சாறுகளையும் ஒப்பிட்டது. நைட்ரேட் உள்ள சாறு வேலை செய்தது. நைட்ரேட் நீக்கிய சாறு செய்யவில்லை. 2015-ல் அலுவாலியாவின் குழு உயர் இரத்த அழுத்தம் உள்ள 64 பேரை வைத்து நான்கு வாரம் பார்த்தது. தினமும் 250 மில்லி நைட்ரேட் உள்ள சாறு குடித்தவர்களுக்கு மேல் எண் ஏறக்குறைய 8 புள்ளிகள் குறைந்தது. நைட்ரேட் நீக்கிய சாறு குடித்தவர்களுக்குக் குறையவில்லை. குடிப்பதை நிறுத்தியதும் அழுத்தம் பழையபடி ஏறிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனையை நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன். டப்பாவில் பெரிய எழுத்தில் விற்கப்படும் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறமி இரண்டு சாறுகளிலும் இருந்தது. பலன் கிடைத்தது நைட்ரேட் இருந்த சாற்றில் மட்டும். நைட்ரேட்டுக்கு நிறமே கிடையாது. அது ஆன்டிஆக்ஸிடன்டும் கிடையாது.

வேலை நாக்கில் தொடங்குகிறது

நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போகிறது. அதில் கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்குக் கொண்டுவருகின்றன. நாக்கின் பின்பக்கத்தில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மனித செல்களால் இந்த மாற்றத்தை அந்த அளவுக்குச் செய்ய முடியாது. நாம் எச்சிலை விழுங்கும்போது நைட்ரைட் உள்ளே போய், நைட்ரிக் ஆக்ஸைடு ஆகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்யும் வாயு அது. உடலில் அது செய்யும் இந்த வேலையைக் கண்டறிந்ததற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

2008 ஆய்வில் சிலரைச் சாறு குடித்தபின் எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். அவர்களுக்கு இரத்த அழுத்தம் குறையவில்லை. கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தாலும் இந்தச் சங்கிலி அறுந்துபோகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. பீட்ரூட்டுக்குச் செலவு செய்துவிட்டு, தினமும் கடுமையான மவுத்வாஷ் உபயோகிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பல் டாக்டர் சொல்லியிருந்தால் நிறுத்தாதீர்கள். பழக்கத்துக்காக மட்டும் உபயோகிப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

விளையாட்டு வீரர்களுக்கு இது நிஜமாகவே பயன்படுகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆட்டத் திறனைக் கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் உள்ளவை என்று குறிப்பிட்ட மிகச் சில பொருட்களில் நைட்ரேட்டும் ஒன்று. போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குடிப்பார்கள். மிக உயர்ந்த பயிற்சி பெற்றவர்களுக்குப் பலன் குறைவு.

இரத்தம் ஊறுமா?

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இந்த இடம்தான்.

தெரிந்த அக்கா ஒருவர் ஒருநாள் பேசினார். "பாப்பாவுக்கு ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருக்குன்னு சொல்லிட்டாங்கப்பா. மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுதுன்னு அழறா. அதான் பீட்ரூட் பொடி வாங்கிப் பால்ல கலந்து குடுக்குறேன். சரிதானே?"

"அக்கா, பீட்ரூட்டுல இரும்பு ரொம்பக் கம்மி. மாத்திரையை நிறுத்தாதீங்க. புரட்டுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க" என்றேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு சுமார் 0.8 மில்லிகிராம். நம் நாட்டில் வயதுவந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். முழுப் பீட்ரூட் ஒன்றைச் சாப்பிட்டாலும் நூற்றில் மூன்று பங்குகூடத் தேறாது. அதே 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல், கேழ்வரகில் 4.6 மில்லிகிராம் இருக்கிறது. பாலில் கலப்பது இன்னும் பாதகம். பாலின் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரத்தத்தின் சிவப்பு இரும்பைச் சுமக்கும் ஹீமோகுளோபினால் வருகிறது. பீட்ரூட்டின் சிவப்புக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நியாயமாகச் சொன்னால், பீட்ரூட்டில் ஃபோலேட் நன்றாக இருக்கிறது: 100 கிராமில் சுமார் 109 மைக்ரோகிராம். இரத்த அணுக்கள் உருவாக அது தேவை. ஆனால் இரும்பு இல்லாத குறையை ஃபோலேட் தீர்க்காது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பொடியை நம்பி மாதங்களைக் கடத்தும்போது அந்தப் பெண்பிள்ளை படிக்க முடியாமல், விளையாட முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறாள். இந்தப் பதிவை எழுதியதற்கு முக்கியமான காரணமே அதுதான்.

ஒரு ஸ்பூன் பொடி என்றால் எவ்வளவு?

பீட்ரூட்டில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். 100 கிராமைக் காயவைத்தால் 12, 13 கிராம் பொடி கிடைக்கும். அப்படியானால் 5 கிராம் பொடி என்பது சுமார் 40 கிராம் பீட்ரூட். நடுத்தரமான ஒரு காயில் பாதிகூட இல்லை. அதிலும் காயவைத்த விதத்தைப் பொறுத்து பீட்டானின் குறைந்திருக்கும். நைட்ரேட் அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் பெரிதாக மாறுகிறது. மண், உரம், ரகம், பருவம் எல்லாமே அதைத் தீர்மானிக்கின்றன. ஆய்வுகளில் சாதாரணமாகக் கொடுப்பது 300 முதல் 400 மில்லிகிராம் நைட்ரேட் அல்லது அதற்கும் மேல். டப்பாவில் நைட்ரேட் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால், ஆய்வில் கிடைத்த பலனை அந்தப் பொடியிடம் எதிர்பார்க்க வழியில்லை.

சிலர் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், ஏனென்றால் பீட்ரூட்டில் ஆக்ஸலேட் அதிகம். சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் சாறு குடிப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்பது நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொரியல் பரவாயில்லை. நாரை வடிகட்டிய சாறு டம்ளர் டம்ளராக வேண்டாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு நைட்ரேட் ஆபத்து. பீட்ரூட் எந்த வடிவிலும் வேண்டவே வேண்டாம்.

சமையலறையில் என்ன செய்யலாம்?

நைட்ரேட்டும் பீட்டானினும் தண்ணீரில் கரைபவை. தோலைச் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் இரண்டுமே சாக்கடையில் போகும். தோலோடு முழுதாக ஆவியில் வேகவைத்து, பிறகு உரித்து நறுக்குங்கள். தோல் விரலால் தள்ளினாலே கழன்று வரும். பொரியல் என்றால் துருவி, தண்ணீர் தெளித்து மூடி, சீக்கிரம் இறக்கி, கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்புத் தயிரில் செய்யும் பீட்ரூட் பச்சடி இதற்கெல்லாம் ஏற்ற பதார்த்தம்: சூடு குறைவு, புளிப்பு உண்டு, நிறமும் அழியாது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் குழந்தைகள் அந்த ரோஜா நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள்.

பீட்ரூட்டின் இலையையும் தூக்கிப் போடாதீர்கள், கீரையாகவே சமைக்கலாம். பீட்ரூட் கிடைக்கவில்லை என்றாலும் குறை இல்லை. தண்டுக்கீரை, முளைக்கீரை, பாலக் போன்ற கீரைகளில் நைட்ரேட் ஏராளம். சிவப்புத் தண்டுக்கீரையில் நைட்ரேட், பீட்டாலைன் இரண்டும் உண்டு, ஒரு கட்டின் விலையில்.

ஆக, "வாங்கலாமா?" என்ற கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் ஓட்டக்காரர் அல்லது சைக்கிள் பந்தயக்காரர் என்றால், நைட்ரேட் அளவு அச்சிட்ட சாறு வாங்கிப் போட்டிக்கு முன் முயன்று பாருங்கள். இரத்தச்சோகை என்றால் டாக்டரையும் இரும்பு மாத்திரையையும் நம்புங்கள். கம்பு, கேழ்வரகு, கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லோருக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பீட்ரூட், மீதி நாளில் கீரை போதும். ஆன்டிஆக்ஸிடன்டும் நைட்ரேட்டும் ஃபோலேட்டும் நாரும் அந்தத் தட்டிலேயே சேர்ந்து கிடைக்கின்றன. பொடி டப்பாவுக்கு ஒதுக்கிய பணத்தைக் காய்கறிப் பைக்கு மாற்றுங்கள்.